நாலு பழைய டெஸ்க்டாப், நாலு ஓ.எஸ்., மவுசை நான் தொடக்கூடாதுங்கற கண்டிசன்

ஒருவழியா எங்கூர் படிப்பகத்துல நாலு கம்ப்யூட்டரும் ஓட ஆரம்பிச்சிருச்சுங்க. நாலும் ஒரே மாடல், ஒரே ராம், ஒரே எஸ்.எஸ்.டி. (ஃபைலெல்லாம் இருக்கற டிஸ்க்), ஆனா மிஷினை ஓட்டற அடிப்படை மென்பொருள், அதாங்க ஓ.எஸ்., வேற வேற, ஒண்ணுல விண்டோஸ் 11, ஒண்ணுல லினக்ஸ் மிண்ட், ஒண்ணுல குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ், ஒண்ணுல டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸ். போட்டது நானில்ல. இதுக்கு முன்னாடி ஒரு ஓ.எஸ்.கூட போட்டிராத நாலு பேரு போட்டாங்க, நான் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டு அவங்க கேட்ட கேள்விய எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தேன். மவுசை நான் தொடறதில்ல, வழியே இல்லாம நின்னாத்தான் வாயைத் தொறக்கறதுன்னு கண்டிசன்.

எதுக்கு இந்த வேலைன்னா, புதுசா வர்றவங்களுக்கு எது ஈஸின்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, சொல்றவங்க பூராம் பலவாட்டி போட்டுப் பழகுனவங்க, அவங்களுக்கு எல்லாமே ஈஸிதான். நானும் அந்தக் கூட்டம்தான், அதனால எம்பேச்சை நானே நம்பறாப்பல இல்ல.

ஊரு காங்கேயத்துக்கும் வெள்ளகோயிலுக்கும் நடுவால. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு பாக்கற மச்சான் ஒருத்தரு "மாப்ள, ஆபீஸ்ல மிஷின் எல்லாம் மாத்தறாங்க, படிப்பகத்துக்கு வேணுங்களா"ன்னு போன் பண்ணுனாரு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமா வர்ற இலவச அப்டேட் முடிஞ்சு போச்சில்லீங்களா, இந்த மிஷினுங்க ஆறாவது ஜென் (தலைமுறை) ஐ3 6100 ப்ராசசர், விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல பெரும்பாலும் எட்டாவது ஜென்ல இருந்துதான் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்லயே வரும். மிஷின் நல்லாத்தான் ஓடுது, ஆனா ஆடிட்டுக்கு வர்ற பையர் பழைய விண்டோஸைப் பாத்தா கேள்வி கேப்பான்னு கழிச்சுக் கட்டிட்டாங்க. 19 இஞ்ச் மானிட்டரோட ஒண்ணு 4,500 ரூவா. 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. பழைய ஹார்ட் டிஸ்க்.

மூடியக் கழட்டுனா உள்ள பூராம் பஞ்சு. பனியன் கம்பெனி மிஷின்ல வேற என்ன இருக்கும். பக்கத்துத் தறிக்குடோன்ல ஏர் அடிக்கற கன் வாங்கிட்டு வந்து ஊதுனோம், ஊதறப்ப ஃபேன் எறக்கையில ஒரு பென்சிலைக் குத்தி நிறுத்திக்கோணும், காத்து வேகத்துல ஃபேன் தாறுமாறா சுத்துனா பேரிங் போயிரும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி எடுத்து வெச்சுட்டு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாட்டுனோம். ரெண்டரை இஞ்ச் எஸ்.எஸ்.டி.க்கு மூணரை இஞ்ச் எடத்துல ஸ்குரூ உக்காராது, ஃப்ரேமுன்னு தனியா விக்கறாங்க, நான் டபுள் சைடு டேப்ல ஒட்டிட்டேன், எஸ்.எஸ்.டி.ல சுத்தறது ஒண்ணும் இல்ல, ஒட்டுனா போதும். ராம் இன்னொரு 4 ஜி.பி. செகண்ட்ஸ்ல வாங்கி 8 ஆக்குனோம்.

ரெண்டு மிஷின்ல பயாஸ் (ஓ.எஸ். ஏறறதுக்கு முன்னாடியே மதர்போர்டுல ஓடறது, மிஷினோட செட்டிங் அதுலதான்) பாஸ்வேர்டு இருந்துச்சு. அதைப் போட்ட ஐ.டி. ஆளு வேலைய விட்டுப் போயி நெம்ப நாளாச்சாம். மதர்போர்டுல பி.எஸ்.டபிள்யூ.டி.ன்னு போட்ட எடத்துல சின்னதா ஒரு ஜம்பர் இருக்கும், பவர் கார்டைப் புடுங்கிட்டு அதைக் கழட்டி, மறுக்கா பவர் குடுத்து ஒருக்கா ஆன் பண்ணி ஆஃப் பண்ணிட்டுத் திருப்பி மாட்டுனா பாஸ்வேர்டு போயிரும். இந்த மாடல்ல அப்பிடி, எல்லாத்துலயும் ஜம்பர் இருக்காது, லேப்டாப்னா பெரும்பாலும் இந்த வழியே கெடையாது, அதனால பழசு வாங்கறவங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி பயாஸ் தொறக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க.

நாலுலயும் மதர்போர்டு பேட்டரி செத்திருச்சு, அந்தக் காசு சைஸ்ல இருக்குமே சி.ஆர். 2032, அது. கடைல மூணுதான் இருந்துச்சு. நாலாவதுக்கு அப்பறமா போட்டுக்கலாம்னு விட்டோம், அது என்ன பண்ணுச்சுன்னு பொறவு சொல்றேன்.

அடுத்தது ஓ.எஸ். ஏத்தறதுக்கான பென் டிரைவ். ஓ.எஸ். போடறது ஈஸியா கஷ்டமான்னு பேசறவங்க யாருமே இதைக் கணக்குல சேக்கறதில்ல, ஆனா நான் பாத்த வரைக்கும் புதுசா வர்றவங்க கழண்டுக்கறது இங்கதான். தையல் கடை வெச்சிருக்கற அக்காகிட்ட மிண்ட் ஐ.எஸ்.ஓ. ஃபைலை, அதாவது ஓ.எஸ். பூராம் அடங்குன ஒத்தை ஃபைலைக் காட்டி "இதைப் பென் டிரைவ்ல ஏத்துங்கக்கா"ன்னேன். அக்கா காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணுனாங்க. அதுதான யாருக்கும் தோணும்? அப்பிடிப் போட்டா பூட் ஆகாது, மிஷின் அதுல இருந்து ஏறாதுன்னு எந்த மனுசனுக்கு முன்கூட்டியே தெரியும். வென்டாய்னு ஒண்ணு இருக்குதுங்க, பென் டிரைவ்ல ஒருக்கா அதைப் போட்டுட்டா அப்பறம் ஐ.எஸ்.ஓ.வ சும்மா காப்பி பேஸ்ட் பண்ணுனாலே போதும், பூட் ஆகறப்ப லிஸ்ட் காட்டி எது வேணும்னு கேக்கும், ஒரே டிரைவ்ல மிண்ட்டு டெபியன் ரெண்டையும் போட்டுக்கலாம். அக்கா பண்ணுன அதே காப்பி பேஸ்ட் வென்டாய்ல சரியாப் போச்சு. விண்டோஸ் 11-க்கு மட்டும் ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர்ல தனி டிரைவ் பண்ணுனோம், காரணம் கீழ வருது. ஃபிளெக்ஸுக்கு குரோம் பிரவுசர்ல ஒரு ரெக்கவரி எக்ஸ்டென்சன் போட்டு அதுவழியாத்தான் பண்ணோணும், 8 ஜி.பி.க்குக் கொறையாத டிரைவ் வேணும். ஆக மூணு பென் டிரைவ், 32 ஜி.பி., ஒண்ணு 380 ரூவா.

அப்பறம் பூட் மெனு கீ, மிஷின் ஆன் ஆகறப்பவே அதை அமுக்குனா பென் டிரைவ்ல இருந்து ஏத்தச் சொல்லலாம். டெல்லு லெனோவான்னா எஃப் 12, ஹெச்.பி.ன்னா எஃப் 9 இல்லீனா எஸ்கேப், ஆசஸ் லேப்டாப்புன்னா எஸ்கேப். ஏசர்ல எஃப் 12-தான், ஆனா நெறைய மாடல்ல பயாஸுக்குள்ள போயி அதை ஆன் பண்ணி வெச்சிருந்தாத்தான் வேலை செய்யும். பென் டிரைவ் பண்றது, பயாஸ்ல செக்யூர் பூட்டை (நம்பகமான ஓ.எஸ்.ஸை மட்டும் ஏறவிடற காவல்) ஆஃப் பண்றது, சாட்டா மோடை (மிஷின் டிஸ்க்கோட பேசற முறை) ஏ.ஹெச்.சி.ஐ.ன்னு வெக்கறது, இது மூணும் நானே பண்ணிட்டேன். இதையும் அவங்க தலையில கட்டியிருந்தா இன்னைக்கு நாலு மிஷினும் அட்டாலில இருந்திருக்கும்.

மொதல்ல ஃபிளெக்ஸ். உக்காந்தது பெரியப்பா, 68 வயசு, பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர்டு ஆனவரு, போன்ல நியூஸ் பாப்பாரு, மவுஸ் புடிச்சதில்ல. இது கூகுளோட ஓ.எஸ்., குரோம்புக்ல இருக்கறதையே சாதா மிஷினுக்குன்னு 2022-ல விட்டாங்க, 4 ஜி.பி. ராமும் 16 ஜி.பி. எடமும் இருந்தாப் போதும். இன்ஸ்டால்னு ஒரு பட்டன், உள்ள இருக்கறது பூராம் அழிஞ்சிரும்னு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான், டிஸ்க்க எப்பிடிப் பிரிக்கறது, எந்த ஊரு நேரம், ஒண்ணுங் கேக்கல. கேக்காததுக்கு வெலையும் உண்டு, டிஸ்க்கு முச்சூடும் அதுக்குத்தான், விண்டோஸை ஒரு பக்கம் வெச்சுக்கிட்டு இதை ஒரு பக்கம் போடறதெல்லாம் நடக்காது. 12 நிமிசத்துல மிஷின் தானா அணைஞ்சுது. பெரியப்பா பதறிட்டாரு.

"ஏஞ்சாமி, கெடுத்துப் போட்டனா?"

"இல்லீங் பெரீப்பா, முடிஞ்சுதுன்னா அதுவே அணைஞ்சுக்கும், பென் டிரைவை எடுத்துட்டு ஆன் பண்ணுங்க."

அதை மட்டும் ஸ்கிரீன்ல கொஞ்சம் பெருசா எழுதிப் போட்டிருக்கலாம். ஆன் பண்ணதும் கூகுள் அக்கவுண்ட் கேட்டுச்சு, இருக்குது, பேத்தி போன் வாங்குனப்ப போட்டுக் குடுத்தது, பாஸ்வேர்டு அந்தப் புள்ளைக்கே மறந்து போச்சு. ஓ.டி.பி. போன நம்பர் பழைய நம்பர். ஓ.எஸ். போட 12 நிமிசம், பாஸ்வேர்டை மீட்டெடுக்க முக்கா மணி நேரத்துக்கு மேல, அதுவும் பேத்திக்குப் போன் போட்டு, அவங்க அம்மாகிட்ட இருந்த பழைய சிம்மைத் தேடி எடுத்து.

மிண்ட்டுக்கு அக்கா. மிண்ட் 22, சின்னமன் எடிசன். பென் டிரைவ்ல இருந்தே முழுசா ஓடும், புடிச்சிருந்தா டெஸ்க்டாப்புல இருக்கற இன்ஸ்டால் ஐகானை அமுக்கலாம். புதுசா வர்றவங்களுக்கு இது நெம்பப் பெரிய விசயம், அக்கா கால் மணி நேரம் அங்க இங்க அமுக்கி, பாட்டுக் கேட்டு, பெயிண்ட்ல பூப் போட்டுப் பாத்துட்டுத்தான் இன்ஸ்டாலுக்கே வந்தாங்க, அதுக்குள்ள பயம் தெளிஞ்சு போச்சு.

மொழி கேட்டதும் தமிழ்னு எடுத்தாங்க. யாரா இருந்தாலும் அதைத்தான் எடுப்பாங்க. அதைப் பாத்து கீபோர்டும் தமிழ்னு தானா வந்து நின்னுது, அக்கா தொடர்னு அமுக்கிட்டுப் போயிட்டாங்க. கடைசில பேரும் பாஸ்வேர்டும் போடற பக்கத்துல எந்தக் கட்டைய அமுக்குனாலும் தமிழ் எழுத்தா விழுகுது, யூசர் நேம் இங்கிலீஷ் சின்ன எழுத்துல இருந்தாத்தான் ஒத்துக்கும், தமிழ்ல போட்டா அடுத்த பக்கத்துக்கே விடாது. ஆல்ட்டும் ஷிஃப்டும் சேத்து அமுக்கிப் பாருங்கக்கான்னு நான் சொல்றதுக்குள்ள அக்கா பவர் பட்டனை அமுக்கி அணைச்சுட்டாங்க. மறுக்கா மொதல்ல இருந்து, மொழி தமிழ், கீபோர்டு மட்டும் இங்கிலீஷ் யூ.எஸ்.

டிஸ்க்க அழிச்சுட்டு இன்ஸ்டால் பண்ணுன்னு குடுத்ததும் ஒரு பொட்டி வந்து ஸ்கஸி 1, ஜீரோ ஜீரோ ஜீரோ, எஸ்.டி.ஏ., பார்ட்டிசன் ஒண்ணு ஈ.எஸ்.பி., ரெண்டு ஈ.எக்ஸ்.டி. 4-ன்னு ஒரு பாராவே எழுதிக் காட்டுச்சு.

"டேய், இதுல நான் எதைப் படிக்கோணும்?"

"ஒண்ணையும் படிக்க வேண்டாங்கக்கா."

"பொறவு எதுக்குக் காட்டறான்?"

எங்கிட்ட பதில் இல்ல. இந்த 256 ஜி.பி. டிஸ்க்ல இருக்கறது எல்லாம் போயிரும், சரியான்னு ஒரு வரி கேட்டாப் போதாதுங்களா. அடுத்து உலக மேப்பு, நம்ம நேரத்துக்கு கொல்கத்தான்னு காட்டுச்சு. "கல்கத்தாவா? நமக்குக் கோயமுத்தூர்னு இல்லியா?"ன்னு மேப்புல தேட ஆரம்பிச்சிட்டாங்க. இந்தியா முச்சூடுக்கும் அந்த ஒரு பேர்தான். அதுக்கப்பறம் ஒண்ணும் இல்ல, 11 நிமிசத்துல முடிஞ்சுது.

மறுநாள் காலைல ஆன் பண்ணுனா பூட் பண்றதுக்கு டிவைஸ் எதுவும் இல்லைங்குது. எஸ்.எஸ்.டி. கேபிளை மாத்துனேன், எஸ்.எஸ்.டி.யவே வேற மிஷின்ல மாட்டிப் பாத்தேன், அங்க நல்லா ஏறுது. அப்பவும் புரியாம, மிண்ட்டுதான் கெட்டுப் போச்சுன்னு அக்காவ மறுக்கா உக்கார வெச்சு இன்ஸ்டால் பண்ண வெச்சாச்சு, அன்னைக்குப் பூராம் ஓடுச்சு, அடுத்த நாளு மறுக்கா அதே கதை. பயாஸுக்குள்ள போயி தேதியப் பாத்தப்பத்தான் புரிஞ்சுது, 2016-ன்னு காட்டுது. அந்த நாலாவது பேட்டரி. ராத்திரி மெயினை அணைச்சுட்டுப் போனா பயாஸ் செட்டிங் பூராம் ஆதிகாலத்துக்குத் திரும்பி, யூ.இ.எஃப்.ஐ.ங்கற புது பூட் முறை போயி லெகசிங்கற பழைய முறைக்கு மாறிருது, யூ.இ.எஃப்.ஐ.ல போட்ட ஓ.எஸ். லெகசில எப்பிடி ஏறும். 30 ரூவா பேட்டரி. இதே தேதிக் கோளாறு இன்னொரு வேசத்துலயும் வரும், மிஷின் ஏறியிரும், ஆனா எந்த வெப்சைட்டைத் தொறந்தாலும் கனெக்சன் பாதுகாப்பா இல்லைன்னு செவப்பா காட்டும், அப்டேட் எதுவும் எறங்காது. பழைய மிஷின்ல புது ஓ.எஸ். மக்கர் பண்ணுனா ஓ.எஸ்.ஸைத் திட்டறதுக்கு முன்னாடி மூலையில கடிகாரத்தைப் பாருங்க.

விண்டோஸ் 11-க்கு ப்ளஸ் ஒன் படிக்கற பையன். ஸ்கூல் லேப்ல விண்டோஸ் பாத்த பையன், அதனால போட்டதுக்கப்பறம் அவனுக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியதில்ல, இதுதான் விண்டோஸோட பெரிய பலம். ஆனா போடறதுக்கு முன்னாடி வேலை அதுக்குத்தான் எச்சா இருந்துச்சு. இந்த மிஷின் லிஸ்ட்லயே இல்ல, அதனால ரூஃபஸ்ல டிரைவ் பண்றப்ப வர்ற பொட்டில டி.பி.எம். (பாதுகாப்புச் சிப்பு), செக்யூர் பூட் கேக்கறதை எடுத்துருங்கறதுக்கு ஒரு டிக், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கட்டாயம்ங்கறதை எடுத்துருங்கறதுக்கு ஒரு டிக். ரெண்டாவது டிக் வேலை செய்யோணும்னா இன்ஸ்டால் பண்றப்ப நெட் இருக்கக் கூடாது, அதனால நெட் குடுக்கற போன் கேபிளைப் புடுங்கி வெச்சிருந்தோம். இன்னம் பழைய மிஷின், கோர் 2 டியோ அந்தக் காலத்துதுன்னா இந்த வேலையும் ஆகாது, விண்டோஸ் 11-ஓட 24ஹெச்2 வெர்சன்ல இருந்து ப்ராசசர்லயே சில இன்ஸ்ட்ரக்சன் இல்லீனா பூட்டே ஆகாது.

ஸ்கிரீன்ல கேக்கறதெல்லாம் தெளிவாத்தான் இருந்துச்சு. எல்லாம் அழியும், எனக்குச் சம்மதம்னு ஒரு டிக் பாக்ஸ், டிக் போட்டாத்தான் அடுத்தது போகும், அது எனக்குப் புடிச்சுது. லைசென்ஸ் கீயும் கேக்கல, கம்பெனில விண்டோஸ் 10 ப்ரோ ஓடுன மிஷின், அந்த லைசென்ஸ் மதர்போர்டோட சேந்து இருக்கறதால நெட் குடுத்ததும் தானா ஆக்டிவேட் ஆயிருச்சு. பாதில கரண்ட் போச்சு. யூ.பி.எஸ். கெடையாது. கரண்ட் வந்து ஆன் பண்ணுனா கம்ப்யூட்டர் எதிர்பாராம ரீஸ்டார்ட் ஆயிருச்சு, இன்ஸ்டாலைத் தொடர முடியாதுன்னு ஒரு பொட்டி, ஓ.கே. அமுக்குனா ரீஸ்டார்ட் ஆகி அதே பொட்டி. பையன் அதைக் கொஞ்ச நேரம் ஓ.கே. ஓ.கே.ன்னு அமுக்கிக்கிட்டே இருந்தான், நான் வாயைத் தொறக்க வேண்டியதாப் போச்சு, பென் டிரைவைப் போட்டு மொதல்ல இருந்து. ரெண்டாவது தடவை 35 நிமிசம். அதுக்கப்பறம் போன் நெட்டைக் குடுத்ததும் அப்டேட் எறங்க ஆரம்பிச்சுது பாருங்க, போன்ல ஒரு நாளைக்கு 2 ஜி.பி., மத்தியானத்துக்குள்ள காலி. அன்னைக்கு எனக்கு வாட்சப்பும் இல்ல ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணையும் சொல்லிரோணும், லிஸ்ட்ல இல்லாத மிஷினுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தர்றதில்ல. மாசாமாசம் வர்றது இப்ப வருது, ஆனா வருசத்துக்கு ஒருக்கா வர்ற பெரிய வெர்சன் தானா வராது, அதை மறுக்கா இதே ரூஃபஸ் வழிலதான் ஏத்தோணும். கணக்கு வழக்கு டேலில பாக்கறவங்க, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் குத்தி வேலை பாக்கறவங்களுக்கு விண்டோஸ்தான் சுளுவு, அதுல வாதமே இல்ல. படிப்பகத்துக்கு ஒண்ணு போதும்னு முடிவு பண்ணுனதும் அதனாலதான்.

கடைசியா டெபியன் 13, பாலிடெக்னிக் ரெண்டாவது வருசம் படிக்கற பாப்பா. நெட் இன்ஸ்டால் ஐ.எஸ்.ஓ., எறக்கறதுக்குச் சின்னதுதான், மிச்சத்தை இன்ஸ்டால் பண்றப்ப நெட்ல இருந்து எடுத்துக்கும். பொண்ணு பாக்க வந்த ஒறம்பரையாட்டக் கேள்வி கேக்குதுங்க இது. மிஷின் பேரென்ன, டொமைன் பேரென்ன, ரூட் பாஸ்வேர்டு என்ன, எந்த நாட்டு மிர்ரர், ப்ராக்ஸி இருக்குதா, எந்தெந்த பேக்கேஜைப் பயன்படுத்தறீங்கன்னு எங்களுக்குத் தகவல் அனுப்பட்டுமா.

"அண்ணா, டொமைன் நேம்ங்கறதுக்கு என்னங்ண்ணா போடறது?"

"சும்மா விட்டுரு கண்ணு."

"ப்ராக்ஸிக்கு?"

"அதையும் சும்மா விட்டுரு."

சும்மா விட்டுரலாம்னா கேக்காமயே இருந்திருக்கலாமில்லீங்களா. டிஸ்க்ல எழுதட்டுமான்னு கேக்கற எடத்துல இல்லைங்கறதுதான் முன்னாடியே தேர்வாகி இருக்கும், பாப்பா பழக்கத்துல என்டர் என்டர்னு தட்டிக்கிட்டே வந்துச்சு, அது மறுக்கா மறுக்கா பார்ட்டிசன் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டுது. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனா ஏன் திரும்பி வர்றோம்னு ஒரு வார்த்தை சொல்லாது.

ரூட்டுங்கற மொதலாளி யூசரோட பாஸ்வேர்டு கேட்ட எடத்துல பாப்பா பொறுப்பா ஒரு நல்ல பாஸ்வேர்டைப் போட்டுச்சு. போட்டு முடிச்சு, அழகா டெஸ்க்டாப் வந்து, டெர்மினல்ல சூடோன்னு (அட்மின் வேலை பண்ணக் கேக்கற கமாண்டு) அடிச்சா நீ சூடோயர்ஸ் ஃபைல்ல இல்லைன்னுது. டெபியன்ல அந்த ரூட் பாஸ்வேர்டைக் காலியா விட்டாத்தான் மொதல் யூசருக்கு சூடோ கெடைக்கும். கேட்டதுக்கு ஒழுங்காப் பதில் சொன்னா தண்டனை, சொல்லாம விட்டாச் சலுகை. அந்தப் பக்கத்துலயே இது எழுதியும் இருக்குது, ஆனா அஞ்சாறு வரிக்கு நடுவுல, யாரு படிக்கறது. எஸ்.யூ.ன்னு அடிச்சு ஒரு ஹைபனும் போட்டு ரூட்டா உள்ள போயி, யூசர்மாட் கமாண்டுல பாப்பா பேரை சூடோ குரூப்ல சேத்து, லாக் அவுட் பண்ணி உள்ள வந்ததும் சரியாச்சு. அதை பாப்பாவே தேடிக் கண்டுபுடிச்சுது, நான் சொல்லல. மொத்தம் 50 நிமிசம் ஆச்சு, அதுல பாதி நெட்ல எறங்குன நேரம்.

போட்டு முடிச்சதோட முடியலீங்க. வைஃபை டாங்கிள் (யூ.எஸ்.பி.ல குத்தற வைஃபை) ஒண்ணு 350 ரூவான்னு நாலு வாங்கியிருந்தேன். விண்டோஸ்ல குத்துனதும் அதுவே ஒரு சி.டி. டிரைவாட்டம் வந்து, உள்ள இருக்கற டிரைவரைப் போட்டுக்கிச்சு. மிண்ட்லயும் டெபியன்லயும் அது சி.டி. டிரைவாவே உக்காந்துருச்சு, வைஃபைன்னு காட்டவே இல்ல. ஃபைல் மேனேஜர்ல அந்த டிரைவுக்குப் பக்கத்துல எஜெக்ட் அமுக்குனா உள்ளுக்குள்ள மாறி வைஃபையா வந்துருது. ஒவ்வொருவாட்டியும் எஜெக்ட் பண்ணாம இருக்கோணும்னா யூ.எஸ்.பி. மோட் ஸ்விட்ச்னு ஒரு பேக்கேஜ் போடோணும். அதை எறக்கறதுக்கு நெட் வேணுமே, அதுக்குப் போனைக் கேபிள்ல குத்தி யூ.எஸ்.பி. டெத்தரிங் (போன் நெட்டை மிஷினுக்குக் குடுக்கறது) ஆன் பண்ணுனா நாலு ஓ.எஸ்.ஸும் மறுபேச்சில்லாம நெட்டை எடுத்துக்கிச்சு. இது ஒண்ணு தெரிஞ்சிருந்தா வைஃபை டிரைவர் வெசனம் பாதி தீந்துரும்.

தமிழ் டைப்பிங். ஃபிளெக்ஸ்ல செட்டிங்ல போயி இன்புட்ல தமிழைச் சேத்தா தமிழ் 99 கீபோர்டு லேஅவுட், இங்கிலீஷ்ல அடிச்சாத் தமிழ்ல வர்ற ஃபொனெட்டிக், எது வேணுமோ எடுத்துக்கலாம், ஒரு நிமிச சோலி. விண்டோஸ் 11-லயும் தமிழைச் சேத்தா தமிழ் 99 உண்டு. மிண்ட்லதான் சுத்தி விட்டுருது. கீபோர்டு லேஅவுட் லிஸ்ட்ல தமிழ்நெட் 99-ன்னு ஒண்ணுக்கு மேல இருக்கும், அதுல டாப், டிஸ்கின்னு போட்டது பழைய என்கோடிங் (எழுத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள பதியற முறை), இப்ப எல்லாரும் பயன்படுத்தற யூனிகோடு இல்ல, அதை எடுத்தா ஒண்ணும் உருப்படியா வராது. சரியானதை எடுத்தாலும் புள்ளி தானா விழுகாது, ஒரு கட்டைக்கு ஒரு எழுத்துன்னு மட்டும் போடும், ம்ம போட ம அடிச்சு மறுக்கா ம அடிச்சா மம-ன்னு நிக்கும். ஐபஸ் எம்17என்னு ஒரு பேக்கேஜைப் போட்டு, இன்புட் மெத்தட்ல ஐபஸ்ஸை எடுத்து, அதுல தமிழ் 99-ஐச் சேத்தாத்தான் நாம பழகுன மாதிரி வரும். டெபியன்லயும் அதே பேக்கேஜ்தான், சேக்கற எடம் மட்டும் வேற. தமிழ்நாட்டு அரசாங்கமே தரமா வெச்ச லேஅவுட்டுக்கு இவ்வளவு சுத்து. அக்கா இத்தனையும் கேட்டுட்டு "நான் போன்லயே அடிச்சுக்கறேன் போ"ன்னுட்டாங்க.

பிரிண்டர் ஒண்ணு, பழைய லேசரு, கம்பெனி பேரு வேண்டாம். விண்டோஸ்ல டிரைவர் போட்டதும் அடிச்சுது. மிண்ட்லயும் டெபியன்லயும் என்னென்னமோ பண்ணிப் பாத்தும் ஒரு வெத்துத் தாள் தள்ளுச்சே ஒழிய எழுத்து விழுகல. ஃபிளெக்ஸ் அதைக் கண்டுக்கவே இல்ல. இப்ப வர்ற பிரிண்டருங்க பெரும்பாலும் டிரைவர் இல்லாமயே லினக்ஸ்ல ஓடுதுங்க, இந்தப் பழசுக்காக மல்லுக்கட்டறது வெட்டி வேலைன்னு விட்டுட்டோம். அப்ளிகேசன் பிரிண்ட் எடுக்கறவங்க பி.டி.எஃப்.பைப் பென் டிரைவ்ல எடுத்துட்டு விண்டோஸ் மிஷினுக்கு வந்துக்கறாங்க.

ஃபிளெக்ஸ்ல ஒரு வம்பு. அக்கவுண்ட் இல்லாத பசங்க கெஸ்ட்டுன்னு உள்ள போவாங்க, வெளிய வந்ததும் எல்லாம் அழிஞ்சிரும், அதுதான் அதோட வழக்கம். குரூப் ஃபோருக்குப் படிக்கற தம்பி ஒருத்தன் சாயங்காலம் பூராம் குறிப்பெடுத்து டவுன்லோடு ஃபோல்டர்ல சேவ் பண்ணிட்டு வெளிய வந்தான், போயிருச்சு. இப்ப அந்த மானிட்டர் மேல ஸ்கெட்ச் பேனால எழுதி ஒட்டியிருக்குது, கெஸ்ட்ல எதையும் சேவ் பண்ணாதீங்கன்னு. ஆண்ட்ராய்டு ஆப்பும் போட முடியாது, ப்ளே ஸ்டோர் ஃபிளெக்ஸ்ல கெடையாது, குரோம்புக்ல இருக்குதேன்னு நெனச்சுப் போடாதீங்க.

செலவு: மிஷின் நாலு 18,000, எஸ்.எஸ்.டி. நாலு 6,600, ராம் 2,400, பேட்டரி 120, பென் டிரைவ் 1,140, டாங்கிள் 1,400. ஆக 29,660. ஊர்ல வசூல் பண்ணுன காசு, நோம்பிக் கணக்குல மிச்சம் இருந்ததையும் போட்டாங்க. டாங்கிள் காசுதான் வேஸ்ட்டு, ரூட்டர் ஒரு செவுத்துக்கு அந்தாண்டதான் இருக்குது, ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்சும் லேன் கேபிளும் வாங்கியிருந்தா மோட் ஸ்விட்ச் ரோதனையே இல்ல.

எது ஈஸின்னு எங்கிட்டக் கேட்டா, போடறதுக்கு ஃபிளெக்ஸ், போட்டதுக்கப்பறம் இருக்கறதுக்கு மிண்ட்டு, பிரிண்டருக்கும் டேலிக்கும் விண்டோஸ். டெபியன்ல ஒண்ணும் கொறை இல்ல, பக்கத்துல ஒருத்தன் உக்காந்து இதைச் சும்மா விட்டுரு, அதைக் காலியா விட்டுருன்னு சொல்லோணும், அவ்வளவுதான். அடுத்தவாட்டி செஞ்சா மொதல் நாளே நாலு பேட்டரியும் மாத்திட்டு, ஒரு யூ.பி.எஸ்.ஸை இரவல் வாங்கி வெச்சுக்கிட்டு, விண்டோஸ் அப்டேட்டை நல்ல நெட் இருக்கற மச்சான் ஆபீஸ்லயே முடிச்சுட்டுத்தான் ஊருக்கு எடுத்துட்டு வருவேன். மொழி தமிழ், கீபோர்டு இங்கிலீஷ்னு ஒரு சீட்டு எழுதிப் பென் டிரைவோட கட்டிருவேன். கூகுள் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குதான்னு மொத நாளே கேட்டுட்டுத்தான் ஆளை உக்கார வெப்பேன்.

டெபியன் மிஷினையும் மிண்ட்டா மாத்திரலாமான்னு கேட்டேன், பாப்பா ஒத்துக்க மாட்டேங்குது. அந்த மிஷின்ல மத்தவங்களுக்குத் தனித்தனி யூசர் போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்குது, யாருக்கும் சூடோ குடுக்கல, எனக்கும் இல்ல.